புதுக் காரும் வருமான வரிக் கழிவும்



ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறி வாழும் நம்மவர்கள் ஊருக்குத் தொலைபேசியிற் பேசும்போது, "புதுக் கார் வாங்கினால் வரியிலே பத்தாயிரம் டொலர் கழிக்கலாமாம், நாங்களும் ஒன்று எடுக்கப் போகிறோம்" என்று சொல்வதை உங்களிற் சிலர் கேட்டிருக்கக்கூடும். இச்சிறு வாக்கியத்திலே மூன்று தவறுகள் உள. கழிவு நடைபெறுவது வருமானத்திலே. சொல்பவரோ வரியிலே என்கிறார். கழிக்க இடமுள்ளது கார்க் கடனுக்குச் செலுத்திய வட்டியை. சொல்பவரோ காரையே நினைக்கிறார். பத்தாயிரம் என்பது மிஞ்சக்கூடாத எல்லை; சொல்பவரோ அதனைக் கைக்கு வரும் தொகை என்று எண்ணுகிறார். இவற்றை விளங்கிக்கொள்ளாமல் ஐந்தாண்டுக்கும் ஏழாண்டுக்கும் கடன்படுகின்றவரின் கையிலே ஈற்றில் எவ்வளவு எஞ்சும் என்பதையே இன்று கணக்கிட்டுப் பார்க்கப் போகிறோம். வருமான வரி என்ற சொல்லைக் கேட்டதும் வானொலியை மூடிவிடும் அன்பர்களும் சற்றுப் பொறுத்திருக்க வேண்டுகிறேன். எட்டாம் வகுப்பிலே படித்த வீதக் கணக்குக்கு மேல் இதிலே யாதும் இல்லை.

முதலிலே சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சட்டசபையாகிய காங்கிரஸ் நிறைவேற்றிய நீண்டதொரு வரிச் சட்டத்திலே சனாதிபதி டொனால்ட் ட்றம்ப் 2025 யூலை 4ஆந் திகதி கையொப்பமிட்டார். அச்சட்டத்தின் பல ஏற்பாடுகளுள் ஒன்றே இந்தக் கார்க்கடன் வட்டிக் கழிவு. 2025 முதல் 2028 வரையுள்ள நான்கு வரியாண்டுகளுக்கே இது செல்லுபடியாகும். கடன் 2024 டிசெம்பர் 31க்குப் பின்னர் பெறப்பட்டதாக இருத்தல் வேண்டும். கார் புத்தம் புதியதாகவும், வாங்கியவரின் சொந்தப் பாவனைக்கு உரியதாகவும், ஐக்கிய அமெரிக்க மண்ணிலே இறுதியாகப் பொருத்தி முடிக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். கடனுக்கு அந்தக் காரே ஈடாக நிற்க வேண்டும். கார் என்று நான் சொல்வதிலே வான், பிக்கப், மோட்டார் சைக்கிள் முதலியனவும் அடங்கும். குத்தகைக்கு எடுத்த காருக்கு இக்கழிவு இல்லை. ஒருவர் ஓட்டிக் கழித்த பழைய காருக்கும் இல்லை. தந்தையிடமோ தமையனிடமோ பணம் வாங்கி அதற்கு ஒழுங்காக வட்டி கொடுத்து வந்தாலும் இல்லை. இவ்வளவு நிபந்தனைகளையும் கடந்தவர், அந்த ஆண்டிலே தாம் உண்மையிற் செலுத்திய வட்டியை, பத்தாயிரம் டொலருக்கு மேற்படாமல், தம் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

வருமானத்திலிருந்து கழிப்பதால் வரி எவ்வளவு குறையும்? இதற்கு விடை காண, நமக்குப் பழக்கமான நம் நாட்டு வரிப் படிகளையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரில் முதலாந் திகதி தொடங்கிய வரியாண்டிலிருந்து, இலங்கையிலே ஒருவரின் ஆண்டு வருமானத்தில் முதற் பதினெட்டு இலட்சம் ரூபாவுக்கு வரி இல்லை. அதற்கு மேல் வரும் முதற் பத்திலட்சத்துக்கு நூற்றுக்கு 6 வீதம். பின்னர் ஐந்தைந்து இலட்சமாக ஏறும் மூன்று படிகளுக்கு 18, 24, 30 வீதங்கள். எஞ்சியது முழுவதற்கும் 36 வீதம். வருமானம் கூடக்கூட மேற்படியிலே உள்ள பணத்துக்கு மட்டுமே கூடிய வீதம் விழுகிறது. கீழ்ப்படிகளின் வீதம் மாறுவதில்லை. 36 வீதம் கட்டுகிறவர் தம் வருமானம் முழுவதற்கும் 36 வீதம் கட்டுகிறார் என்று எண்ணுவோர் படித்தவர்களிலும் பலர் உளர். அது பிழை.

இனி, கழிவு என்பது இப்படிகளில் எதைக் குறைக்கிறது? களஞ்சியத்திலே நெல் மூடைகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி வைத்திருக்கிறோம். ஒரு மூடை வேண்டுமென்றால் அடுக்கின் உச்சியிலிருந்துதானே இறக்குவோம்? கழிவும் அவ்வாறே உச்சியிலிருந்து இறங்குகிறது. தம் வீட்டுக் கூரையிற் சூரிய மின்தகடு பொருத்தி நாட்டின் மின்வலையமைப்போடு இணைத்துக்கொள்வோருக்கு, ஆண்டொன்றுக்கு ஆறிலட்சம் ரூபா வரை வருமானத்திற் கழிக்க நம் சட்டம் இடமளித்துள்ளது. அவ்வாறு இரண்டு அயலவர்கள் ஆளுக்கொரு இலட்சம் ரூபாவைக் கழிக்கிறார்கள் என்று கொள்வோம். ஒருவரின் உச்சிப்படி 6 வீதம். அவருக்கு 6,000 ரூபா மிச்சம். மற்றவரின் உச்சிப்படி 36 வீதம். அவருக்கு 36,000 ரூபா மிச்சம். தகடு ஒன்றே, செலவு ஒன்றே, கழிவும் ஒன்றே. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத மூன்றாவது அயலவருக்கு மிச்சம் ஒரு சதமும் இல்லை. கழிவு என்ற ஏற்பாட்டின் இயல்பு இது. அமெரிக்காவிலும் இதுவே நடக்கிறது.

கையிலே தாளும் பென்சிலும் உள்ளவர்கள் இனி வரும் எண்களைக் குறித்துக்கொள்ளலாம். ஓர் அமெரிக்கக் கணவனும் மனைவியும் 2025ஆம் ஆண்டிலே இருவருமாக 90,000 டொலர் உழைக்கிறார்கள். கூட்டாக ஒரே வரிக்கணக்குக் கொடுக்கிறார்கள். அவ்வாண்டுக்கு இத்தகைய தம்பதிகளுக்குரிய பொதுக் கழிவு 31,500 டொலர். அதைக் கழித்தபின் வரிக்குரிய வருமானம் 58,500 டொலர். இதில் முதல் 23,850 டொலருக்கு நூற்றுக்கு 10 வீதமாக 2,385 டொலரும், எஞ்சிய 34,650 டொலருக்கு நூற்றுக்கு 12 வீதமாக 4,158 டொலரும் சேர்ந்து, அவர்களின் வருமான வரி 6,543 டொலர் ஆகிறது. ஆண்டின் தொடக்கத்திலே அவர்கள் 30,000 டொலர் கடனெடுத்துப் புதுக் கார் வாங்கினார்கள். வட்டி ஆண்டுக்கு 7 வீதம், தவணை ஐந்தாண்டு. மாதந்தோறும் கட்டவேண்டியது 594 டொலர். முதலாண்டிலே இவ்வாறு கட்டிய பணத்தில் வட்டிக்குப் போவது ஏறக்குறைய 1,935 டொலர். மிகுதி முதலுக்குப் போகும். சட்டப்படி அவர்கள் கழிக்கக்கூடியது இந்த 1,935 டொலரையே. அவர்களின் உச்சிப்படி 12 வீதம். ஆகவே வரியிலே குறைவது 232 டொலர். மாதக் கணக்கிற் பார்த்தால் பத்தொன்பது டொலரும் சில சதமும். பத்தாயிரத்திலே தொடங்கிய பேச்சு பத்தொன்பதிலே வந்து நிற்கிறது.

அந்த 232 டொலரும் கார் வாங்கும் அன்று கிடைப்பதில்லை. விற்பனையாளர் விலையிலே ஒரு சதமும் குறைக்கமாட்டார். அடுத்த ஆண்டு, வழக்கமாக ஏப்ரில் 15க்குள், வரிக்கணக்குக் கொடுக்கும்போதே அது வரியிற் குறைவாகவோ மீள்கொடுப்பனவாகவோ தோன்றும். சம்பளத்திலிருந்து சமூகப் பாதுகாப்புக்கென்று பிடிக்கும் வரியை இக்கழிவு தொடுவதே இல்லை. மாநில அரசுகளின் வருமான வரியிலும் பல இடங்களில் மாற்றம் இராது. இக்கழிவு, அமெரிக்கர் சீராக்கிய மொத்த வருமானம் என்று கூறும் தொகைக்குக் கீழே நிகழ்வது. பல மாநிலங்களோ அத்தொகையிலிருந்தே தம் கணக்கைத் தொடங்குகின்றன.

இதிலே ஒரு நன்மையையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. அமெரிக்க வரிமுறையிலே ஒருவர் பொதுக் கழிவை ஏற்றுக்கொள்ளலாம். அல்லது அதை விட்டுத் தம் செலவுகளை இனம் இனமாக எழுதிக் கழிக்கலாம். பெரும்பாலான குடும்பங்கள் பொதுக் கழிவையே ஏற்கின்றன. கார் வட்டிக் கழிவு இரு சாராருக்கும் உண்டு. பொதுக் கழிவை எடுத்தவரும் அதன்மேலே இதையும் எடுக்கலாம். இந்த ஏற்பாடு இல்லாவிடின் நம் உதாரணத் தம்பதிகளுக்கு அந்த 232 டொலரும் கிடைத்திராது.

இனி, எவருக்கு எவ்வளவு என்று பார்ப்போம். ஆண்டுக்கு 15,000 டொலர் உழைக்கும் தனித்த பெண்ணொருத்தி இருக்கிறாள் என்க. 2025இல் அவளுக்குரிய பொதுக் கழிவு 15,750 டொலர். ஆகவே அவளுக்கு வருமான வரி இல்லை. கார் வட்டியாக எத்தனை டொலர் கட்டினாலும் குறைப்பதற்கு வரி இல்லாமையாற் பயனும் இல்லை. வேலைக்குப் போவதற்குக் கார் இன்றியமையாத ஊரிலே, மிகக் கூடிய வட்டிக்குக் கடன்படுகிறவள் பெரும்பாலும் அவளே. மேற்கூறிய தம்பதிகளுக்கு 232 டொலர். இருவருமாக 180,000 டொலர் உழைக்கும் தம்பதிகளுக்கு உச்சிப்படி 22 வீதம்; அதே கடனுக்கு, அதே வட்டிக்கு, 426 டொலர். அதற்கும் மேலே போனால் மீண்டும் இறங்குகிறது. தனி ஒருவரின் வருமானம் 100,000 டொலரையும், தம்பதிகளின் வருமானம் 200,000 டொலரையும் தாண்டினால், தாண்டும் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 200 டொலர் வீதம் கழிவு வெட்டப்படும்.

இந்த வெட்டைப் பற்றிச் செய்தித்தாள்கள், தனி ஒருவருக்கு 150,000 டொலரிலே கழிவு முற்றாக மறையும் என்று எழுதின. பத்தாயிரம் டொலர் வட்டி கட்டுகிறவருக்கு அது சரி. நாம் பார்த்த 1,935 டொலர் வட்டிக்காரருக்கோ, வருமானம் 110,000 டொலரை எட்டும்போதே பத்து ஆயிரங்களுக்கு 2,000 டொலர் வெட்டு விழுந்து கழிவு இல்லாமற் போய்விடும். சாதாரணக் கடன்காரனுக்குக் கதவு வெகு முன்னரே அடைபடுகிறது. பத்தாயிரம் டொலர் வட்டியை ஓராண்டிலே கட்டவேண்டுமாயின், 7 வீத வட்டிக்கு ஏறக்குறைய 155,000 டொலர் கடன் படவேண்டும். அந்த விலைக்குக் கார் வாங்குகிறவர்களிற் பெரும்பாலோரின் வருமானமோ கழிவுக்குரிய எல்லையைக் கடந்ததாயிருக்கும். ஆகவே சட்டத்திலே எழுதப்பட்ட பத்தாயிரம் என்ற எண் மேடைப் பேச்சுக்கு உதவுமேயன்றி, வீட்டுக் கணக்குப் புத்தகத்திலே ஏறுவது அரிது என்பது என் எண்ணம்.

கார் எங்கே பொருத்தி முடிக்கப்பட்டது என்ற நிபந்தனை சுவையானது. தயாரிப்பாளரின் பெயரைக் கொண்டு இதனைத் தீர்மானிக்க இயலாது. யப்பானியப் பெயர்கொண்ட ரொயோற்றா கம்ரி கென்ரக்கி மாநிலத்து ஜோர்ஜ்ரவுணிலே பொருத்தப்படுகிறது. அமெரிக்கரின் பழம்பெரும் பெயராகிய போட்டைத் தாங்கிய மவரிக் என்னும் பிக்கப், மெக்சிக்கோ நாட்டு ஹேர்மோசில்லோவிலே பொருத்தப்படுகிறது. முன்னதற்குக் கடன்பட்டவருக்குக் கழிவு உண்டு, பின்னதற்கு இல்லை. ஒரே பெயர்கொண்ட காரே இரு நாடுகளில் உள்ள இரு தொழிற்சாலைகளிலிருந்து வருவதும் உண்டு. விற்பனைக்கு நிற்கும் புதுக் காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாளிலே இறுதிப் பொருத்தம் நடைபெற்ற இடம் அச்சிடப்பட்டிருக்கும். காருக்குரிய பதினேழு எழுத்தெண்கள் கொண்ட அடையாளத் தொடரைக் கொண்டும் அதனை அறியலாம். அத்தொடரை வரிக்கணக்கிலும் எழுத வேண்டும். எழுதாவிடிற் கழிவு கிடையாது.

கடன்பட்டுக் கார் வாங்கியவருக்கு வரியிலே சலுகை கொடுப்பது அமெரிக்காவுக்குப் புதியதன்று. 1913இல் இன்றைய கூட்டாட்சி வருமான வரி தொடங்கிய நாளிலிருந்தே கடன் வட்டி எதுவாயினும் கழிக்கத்தக்கதாய் இருந்தது. கார்க் கடன், கடைக் கடன் முதலிய சொந்தக் கடன்கள் யாவும் அதில் அடங்கின. சனாதிபதி றேகன் காலத்து 1986ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. ஒரேயடியாக வெட்டாமற் படிப்படியாக வெட்டினார்கள்: 1987இலே வட்டியில் நூற்றுக்கு 65 பங்கு, மறு ஆண்டு 40, பின்னர் 20, பின்னர் 10, 1991 முதல் ஒன்றுமில்லை. ஆனால் வீட்டை ஈடுவைத்துப் பெற்ற கடனின் வட்டிக்குச் சலுகை தொடர்ந்தது. விளைவு என்னவென்று நீங்களே ஊகிக்கலாம். வீட்டின் மேற் கடனெடுத்து அப்பணத்தாற் கார் வாங்கும் வழக்கம் பரவிற்று. வங்கிகளும் அதனை விளம்பரஞ் செய்தன. தவணை தவறினாற் காரை மட்டும் இழக்கவேண்டிய மனிதன், சில நூறு டொலர் வரி மிச்சத்துக்காகக் குடியிருக்கும் வீட்டைப் பணயம் வைத்தான். 2018 முதல், வீட்டின் மேல் எடுத்த கடன் வீட்டுக்கே செலவிடப்பட்டாலன்றி அதன் வட்டியைக் கழிக்க இயலாது.

2009ஆம் ஆண்டில் வேறொரு வகைச் சலுகை வந்தது. முந்திய ஆண்டின் நிதி நெருக்கடியாற் கார்த் தொழிற்சாலைகள் தள்ளாடிய காலம் அது. சனாதிபதி ஒபாமா 2009 பெப்ரவரி 17இல் ஒப்பமிட்ட சட்டத்தின்படி, அன்று தொடக்கம் அவ்வாண்டு முடியும்வரை புதுக் கார் வாங்கியோர், காரின் விலையில் 49,500 டொலர் வரைக்கும் தாம் கொடுத்த மாநில விற்பனை வரியை வருமானத்திற் கழிக்கலாம். கடன் எடுத்திருக்க வேண்டியதில்லை. எந்த நாட்டிலே செய்த காராயினும் சரி. 25,000 டொலர்க் காருக்கு 6 வீத விற்பனை வரி 1,500 டொலர். உச்சிப்படி 15 வீதமாயுள்ளவருக்கு அதனாற் குறைந்தது 225 டொலர். அதே ஆண்டுக் கோடையிலே பழைய காரை ஒப்படைத்து, எரிபொருளை மிச்சம்பிடிக்கும் புதுக் காரை வாங்குவோருக்கு 3,500 அல்லது 4,500 டொலரை அரசு விலையிலேயே குறைத்துக்கொடுக்கும் திட்டமும் நடைபெற்றது. அதிலே வாங்குகிறவரின் வரிப்படி எது என்ற கேள்வியே எழவில்லை; ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரே தொகை. ஆறரை இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் அவ்வாறு கைமாறின. ஒப்படைத்த பழைய கார்கள் மீண்டும் தெருவுக்கு வராதிருக்கும் பொருட்டு, அவற்றின் இயந்திரத்திலே சோடியம் சிலிக்கேற்றுக் கரைசலை ஊற்றி ஓடவிட்டு, இறுகச் செய்து கொன்றார்கள். நல்ல நிலையில் இருந்த இயந்திரங்கள் அவ்வாறு மடிந்ததை நினைக்க எனக்கு இன்றும் மனம் ஒப்புவதில்லை. அது வேறு விடயம்.

வருமானத்திற் கழிப்பதற்கும் வரியிலேயே தள்ளுபடி செய்வதற்கும் உள்ள வேற்றுமையைக் காட்ட மின்சாரக் காரைவிட நல்ல உதாரணம் இல்லை. நிபந்தனைகளுக்கு அமைந்த புது மின்சாரக் கார் வாங்கியோருக்கு அமெரிக்க அரசு 7,500 டொலர் வரை வரித் தள்ளுபடி வழங்கி வந்தது. முன்னே சொன்ன தம்பதிகளின் வரி 6,543 டொலர் அல்லவா? 7,500 டொலரை வருமானத்திலே கழித்திருந்தால் 12 வீதப்படி 900 டொலர் மட்டுமே குறைந்திருக்கும். வரியிலேயே தள்ளுபடியாகையால் அவர்களின் வரி முழுவதும் அற்றுப்போயிருக்கும். ஒரே எண், எந்த இடத்தில் எழுதப்படுகிறதோ அதற்கேற்ப ஏழு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் இத்தள்ளுபடியை 2025 செப்டெம்பர் 30உடன் நிறுத்திவிட்டது. கார் வட்டிக் கழிவை வழங்கியதும் அதே சட்டந்தான்.

தொழிலுக்குக் கார் வைத்திருப்போரின் கணக்கு வேறு. சொந்தத் தொழில் செய்யும் அமெரிக்கர் ஒருவர், தொழிலுக்காக ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நிலையான தொகையைக் கழிக்கலாம். 2025ஆம் ஆண்டுக்கு அது மைலுக்கு 70 சதம். அல்லது எண்ணெய், காப்புறுதி, தேய்மானம் ஆகிய உண்மைச் செலவுகளைத் தொழிற் பாவனையின் விகிதப்படி கழிக்கலாம். எதைத் தெரிந்தாலும் நாள், இடம், தூரம், காரணம் ஆகியவற்றை எழுதிய ஓட்டக் குறிப்பேடு இருத்தல் வேண்டும். தேய்மானத்தை விரைவாகக் கழித்தவர் பின்னர் காரை நல்ல விலைக்கு விற்பாராயின், கழித்ததில் ஒரு பங்கு மீண்டும் வருமானமாக வந்து நிற்கும். வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் ஓட்டம் தொழில் ஓட்டம் ஆகாது. ஆசிரியர் ஒருவர் நாற்பது மைல் தூரத்துப் பாடசாலைக்குத் தம் காரிலே நாள்தோறும் போய்வந்தாலும், கட்டுக்கட்டாக மாணவரின் விடைத்தாள்களை அதிலே ஏற்றி வந்தாலும், சட்டத்தின் கண்ணிலே அது அவரின் சொந்த விடயம். எங்கள் வகுப்பாருக்கு உலகெங்கும் ஒரே நீதிதான் போலும்.

இலங்கையிலே நிலைமை என்ன என்று கேட்பீர்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலே மீண்டும் திறக்கப்பட்டபின், இந்தக் கேள்வியை என்னிடம் பலர் கேட்டார்கள். 2017ஆம் ஆண்டு 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ், சொந்தச் செலவும் வீட்டுச் செலவும் வருமானத்திற் கழிக்கத்தக்கன அல்ல. குடும்பத் தேவைக்கு வாங்கும் காரின் விலையோ, அதற்கான கடன் வட்டியோ, லீசிங் தவணையோ வருமான வரியை ஒரு சதமும் குறைக்காது. பஸ், லொறி போன்ற வாகனங்களைத் தொழிலில் ஈடுபடுத்துவோருக்கே தேய்மானத்துக்கான மூலதனக் கழிவு பொதுவாகக் கிடைக்கிறது. சுங்க வரி, உற்பத்தி வரி, பெறுமதிசேர் வரி என்று காரின் விலையோடு நாம் கட்டும் பெருந்தொகையையும் வருமானத்திற் கழிக்க வழியில்லை. "அமெரிக்காவிலே கழிக்கிறார்கள், இங்கேயும் கழிக்கலாம்" என்று எவரேனும் விற்பனைக் கூடத்திலே சொல்வாராயின், எந்தப் பிரிவின் கீழ் என்று கேட்டுப் பார்க்கலாம்.

அமெரிக்காவிலே உள்ள பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் சொல்லவேண்டியது தவணைக் காலத்தைப் பற்றியது. ஐந்தாண்டுத் தவணையிலே மாதம் 594 டொலர் என்றேன். அதே 30,000 டொலரை, அதே 7 வீதத்துக்கு, ஏழாண்டுத் தவணையில் எடுத்தால் மாதம் 453 டொலர்தான். பார்வைக்கு இலேசாக இருக்கிறது. "வட்டி கூடினாலென்ன, வட்டியைத்தான் வரியிலே கழிக்கிறோமே" என்ற சமாதானமும் கூடவே வரும். கணக்கோ இப்படி இருக்கிறது. ஐந்தாண்டிலே கட்டும் மொத்த வட்டி ஏறக்குறைய 5,640 டொலர். ஏழாண்டிலே 8,030 டொலர். கூடுதல் வட்டி ஏறக்குறைய 2,390 டொலர். 2026 சனவரியிலே எடுத்த கடனாயின் கழிவு கிடைப்பது 2026, 2027, 2028 ஆகிய மூன்றாண்டுகளுக்கே. 12 வீதப் படியிலே உள்ளவருக்கு அம்மூன்றாண்டிலும் மிச்சமாகும் வரி, ஐந்தாண்டுத் தவணையில் ஏறக்குறைய 558 டொலர். ஏழாண்டுத் தவணையில் 625 டொலர். அறுபத்தேழு டொலர் வரியை மிச்சம் பிடிக்க 2,390 டொலர் வட்டியைக் கூடுதலாகக் கொடுக்கிறார். 2029 தொடக்கம் 2032 வரை அவர் கட்டப்போகும் வட்டிக்கு, காங்கிரஸ் இடையிலே வேறு சட்டம் இயற்றினாலன்றி, கழிவு எதுவும் இல்லை.